கடைசியாகக் கிளம்புகிறவர் அணைக்க வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

உன் பக்கத்து அறையில் தங்கிப் படிக்கிறாளே, அவளுடைய அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் நால்வரும் நலம் என்று போனில் சொல்கிறார்கள். போனில் யாரும் நலமில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அதைப் பாதிதான் நம்புகிறேன். மீதிப் பாதியை நீ எழுது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போனில் பேசியபோது நீ என்னை அங்கிள், அங்கிள் என்று கூப்பிட்டாய். எனக்கு அது ஒட்டவில்லை. கடைக்கு மிக்சியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய மிக்சியை நான் கடைசியில்தான் எடுப்பேன். நீ என்னை அப்பா என்று கூப்பிடு, இல்லாவிட்டால் ஐயா என்று கூப்பிடு. உன்னை நான் ‘நீ’ என்றே எழுதுகிறேன். ஆராய்ச்சி செய்கிறவளாக இருந்தாலும் என் மகளைவிடச் சில வயதுதானே மூத்தவள்.

இது நன்றி சொல்ல எழுதும் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. அவள் அம்மா வேறு பக்கத்திலேயே நின்றுகொண்டு ‘மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்க’ என்று கையை ஆட்டுவாள். எழுதினால் குறுக்கே யாரும் வர முடியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். கடைகளின் பெயர்ப்பலகைகளையும், பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளையும் படித்துத்தான் எழுத்துப் பழகினேன். பிழை இருந்தால் படித்தவள் நீயே திருத்திக்கொள். கருத்தை மட்டும் திருத்தாதே.

நன்றி சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நன்றி மட்டும் சொன்னால், நான் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். என் தொழில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. கரிந்த வாசனையோடுதான் தினமும் கடை திறக்கிறேன். ஆளில்லாத வீட்டில் இஸ்திரிப் பெட்டி தனியாகச் சூடேறிக் கிடந்து, அலமாரியோடு சுவரும் கருகிப்போன வீடுகளுக்கு மறுபடி வயரிங் செய்தவன் நான். வீட்டில் ஆள் இல்லை, மின்சாரம் மட்டும் இருக்கிறது என்றால், அது கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவதுபோல. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வீடு எரிந்த பிறகு என்னிடம்தான் வருவார்கள்.

அப்படியானால் ஃப்ரிட்ஜை என்ன செய்வீர்கள் என்று கேட்பாய். ஃப்ரிட்ஜ் கிடையாது. அன்றாடம் வாங்கி, அன்றாடம் சமைத்து, அன்றாடம் தீர்க்கிற வீடு. அவள் அம்மா இதைப் பற்றி உன்னிடம் புலம்பியிருப்பாள். யார் கிடைத்தாலும் புலம்புவாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், ஒருமுறை வண்டியில் ஒரு ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினேன். என் மகளை நீங்கள் இருக்கும் வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பியதும் அதே மச்சான்தான். இந்தமுறை என்னால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

அவள் சுவிட்ச் எட்டாத வயதிலேயே ஸ்டூல் போட்டு ஏறி அணைப்பாள். ‘நான்தான் கடைசி, நான்தான் கடைசி’ என்று எங்களை வெளியே தள்ளிவிட்டு ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவாள். சொல்லிக்கொடுத்தது நான், செய்தது அவள். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இனி உங்கள் வீட்டில் நடந்தது. உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. நர்சிங் படிக்கிறவளும் கட்டடம் படிக்கிறவளும் தோழி வீட்டுக்குப் போனார்கள். நீ ஏதோ கருத்தரங்குக்கு வேறு ஊருக்குப் போனாய். என் மகள் வகுப்புப் பிள்ளைகளோடு கல்லூரிப் பயணத்துக்குக் கடைசியாகக் கிளம்பினாள். ஜன்னல்களைச் சாத்தினாள், குழாய்களை இறுக்கினாள், மெயினை அணைத்தாள், கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். பஸ்ஸில் ஏறியதும் அவள் அம்மாவுக்குப் போன் செய்து, ‘வீட்டை எல்லாம் பத்திரமா பூட்டிட்டு வந்தேம்மா’ என்று சொல்லியிருக்கிறாள். போன நாளிலிருந்து அவள் குரல் அப்படித் தெளிவாக இருந்து கேட்டதே இல்லையாம். என்னிடம் சொன்னாள் அவள் அம்மா. நான் ‘உம்’ என்றேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜின் ஐஸ் உருகிச் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். நல்ல வெயில் நாட்கள். நாலு பேர் வாங்கி வைத்த பாலும் கறியும் கெட்டு, வாசல்வரை நாற்றம். உன் அறையில் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று அதில் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாயாமே. இரவு பகலாக ஓட வேண்டிய கணக்காம், முடியப்போகிற நேரமாம். எனக்கு அது முழுவதும் விளங்கவில்லை. ஆனால் கட்டி முடிக்கப்போகிற காயில் கையில் அறுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அறுத்தவனை நான் சும்மா விட்டதில்லை.

மற்ற இருவரும் அவளைப் பேசிய பேச்சு என் காதுக்கும் வந்தது. நர்சிங்காரி, ‘உங்க ஊர்ல கரண்டுக்கும் லீவு விட்டுடுவாங்களா?’ என்று கேட்டாளாம். பாதி ஊருக்கு விளக்கு எரியவைத்தவனுடைய மகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கட்டடக்காரி அதைவிட மோசம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜைக் கழுவியபடியே, ‘வேற இடம் பாத்துக்கட்டும்’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னாளாம். என் மகளைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு அதிகம் இழந்தவள் நீ. நீ என்ன சொன்னாய் என்பதை அவள் தன் அம்மாவிடம் சொல்லி, அவள் அம்மா என்னிடம் சொன்னாள். நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ‘விருந்தாளியா இருந்தா அவ எதையும் தொட்டிருக்கமாட்டா. இத வீடுன்னு நெனச்சிருக்கா, அதான் அணைச்சிருக்கா. நாம மூணு பேரும் இங்க வந்து எவ்வளவு நாளாச்சு? நம்மள்ல யாராவது போகும்போது ஒரு ஜன்னலயாவது சாத்திட்டுப் போயிருக்கோமா? அவ வேற இடம் பாக்கணும்னா ரெண்டு ரூமா பாக்கச் சொல்லு, நானும் போறேன்.’

மகளே, அந்த மெயின் சுவிட்சை இத்தனை வருஷம் அணைக்கச் சொன்ன எனக்கே அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது தோன்றவில்லை. நான் நெருப்பைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வீட்டைப் பற்றிச் சொன்னாய். அதற்காக உனக்கு நன்றி.

அதன் பிறகும் நீ செய்தவை இருக்கின்றன. அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. பேராசிரியர் கேள்வி கேட்டதும் எழுந்து நின்று பதில் சொன்னாளாம், வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். அங்கே எல்லாரும் உட்கார்ந்தபடியே பேசுவார்களாம், பேராசிரியரைப் பேர் சொல்லியும் கூப்பிடுவார்களாம். இவளுக்கு உட்காரவும் வரவில்லை, பேர் சொல்லவும் வரவில்லை. நீ உன் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டிய அந்த நாட்களில், அவளை வகுப்பு வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயாம். உள்ளே போனவள் ஜன்னல் வழியாக நீ இருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அறையில் தனியாக ரொட்டியை மென்றுகொண்டிருந்தவளை, ‘தட்ட எடுத்துட்டு வெளிய வா, நான் தனியா தின்னா எனக்குச் செரிக்காது’ என்று மிரட்டி வெளியே கூட்டி வந்தாயாம். இதெல்லாம் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. செய்ய முடியாத தூரத்துக்கு அவளை அனுப்பியவர்களில் நான் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிட்டு, மறுபடியும் நன்றி சொல்கிறேன்.

இப்போது உன்னோடு எனக்கு இருக்கும் வழக்கைச் சொல்கிறேன்.

நீ எனக்கு முதல்முதலாகப் போன் செய்தது நினைவிருக்கும். கடையில் வார்னிஷ் கையோடு எடுத்தேன். யார், என்ன என்றுகூடச் சரியாகச் சொல்லாமல், ‘அங்கிள், அவ நாளைக்கு உங்களுக்குப் போன் பண்ணுவா. திரும்பி வந்துடறேன்னு சொல்லுவா. தயவுசெஞ்சு வான்னு சொல்லிடாதீங்க. ஒரு மாசம் தாண்டிட்டா நின்னுடுவா. வேணும்னா திட்டிக்கூட விடுங்க’ என்றாய். என் மகளிடம் நான் என்ன பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க நீ யார் என்று கேட்டேன். நீ, ‘பக்கத்து ரூம்’ என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

நான் எந்த நிலையில் இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அவள் வெளிநாடு போவது எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரத்தில் நல்ல கல்லூரி இருக்கிறது, அங்கே சேர் என்றேன். கேட்கவில்லை. அவள் கிளம்பிய அன்று நான் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன், விமான நிலையத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அவளாகவே போன் செய்து ‘நீங்க சொன்னதுதான் சரிப்பா’ என்று சொல்ல வேண்டும், நான் ‘வா’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சாப்பிடும்போதுகூட அது வாயில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் பேசினாள். நீ சொன்னது போலவே, ‘நான் வந்துடறேம்ப்பா’ என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. ‘ஏன்?’ என்று கேட்டேன். மெயினை அணைத்த கதையைச் சொன்னாள். ஏற்கெனவே அவள் அம்மா மூலம் தெரியும், இருந்தாலும் முழுவதையும் சொல்லவிட்டேன். கடைசியில், ‘நம்ம வீட்டுப் பழக்கமெல்லாம் இங்க தப்பா இருக்குப்பா’ என்றாள்.

அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. ‘தப்பு என்ன தப்பு? கடைசியா கிளம்பினவ நீ. அணைச்ச. நான் சொன்னதத்தானே செஞ்ச? அதுக்காக நீ ஓடி வந்தா, நான் சொன்னது தப்புன்னு அந்த ரெண்டு பேர்கிட்டயும் நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நீ வந்தா தோத்தது நீ இல்ல, நான். அங்கயே நில்லு’ என்றேன். அவள் ‘சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே, நீ சொன்னதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. இது உனக்குத் தெளிவாக இருக்க வேண்டும். யார் சொல்லியும் நான் எதையும் செய்ததில்லை. ஆனால் போனை வைத்த பிறகுதான், நீ கேட்டதும் நான் சொன்னதும் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தேன். அவள் அம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ‘வான்னு ஒரு வார்த்த உங்களுக்கு வாயில வரலயா?’ என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். வந்த சொல்லைத்தான் விழுங்கினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கடைக்குத் திரும்பிப்போய் ஒரு பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்ற உட்கார்ந்தேன். சுற்றின் எண்ணிக்கை தப்பிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்றினேன், மறுபடியும் தப்பியது. மோட்டார்க்காரரை மறுநாள் வரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே, ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்பதுபோல இருந்தது.

பிறகு அவள் நின்றுவிட்டாள். எப்படி நின்றாள் என்பதும் வந்து சேர்ந்தது. நர்சிங்காரி தன்னுடைய தலைமுடி உலர்த்தும் மெஷின் ஓடவில்லை என்று இவளிடம் கொண்டு வந்தாளாம். வைண்டிங் கடைக்காரன் மகள்தானே, பார்ப்பாள் என்று நினைத்திருக்கிறாள். இவளும் அப்பா பேரைக் காப்பாற்றுகிறேன் என்று அதைத் திறந்திருக்கிறாள். திறந்தவளுக்கு மூடத் தெரியவில்லை. மாட்டிப் போட்டதும் ‘டப்’ என்று வெடித்து, புகை வந்து, வீட்டு மெயின் தானாகவே விழுந்ததாம். நல்லவேளை, உன் கணக்கு அப்போது இன்னும் மறுபடி ஓடத் தொடங்கவில்லையாம். நாலு பேரும் இருட்டில் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தீர்களாமே. அன்றிலிருந்து நால்வருக்கும் ஒரே சமையல் என்று அவள் அம்மா சொன்னாள். என் மகள் கடையில் என் பக்கத்திலேயே வளர்ந்தவள், ஒரு திருகாணியை உருப்படியாகத் திருகத் தெரியாது. என்னுடைய மானம் போனதில் உங்களுக்குள் ஒற்றுமை வந்திருக்கிறது. இருக்கட்டும். அந்த நர்சிங்காரியிடம் சொல், அவள் கேட்ட கேள்வியை நான் மறக்கமாட்டேன், ஆனால் அவளும் நன்றாக இருக்கட்டும்.

அந்த வீட்டில் எனக்கு ‘மெயின் சுவிட்ச்’ என்று பேர் வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். ‘மெயின் சுவிட்ச் போன் பண்ணுச்சா?’ என்று கேட்டுக்கொள்வீர்களாம். பெரியவர்களுக்கு இப்படிப் பேர் வைப்பது மரியாதை இல்லை. ஆனால் ஃப்யூஸ் என்று வைக்காமல் மெயின் என்று வைத்தீர்களே, அதுவரை சரி.

உன் நஷ்டத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அறுந்த கம்பியாக இருந்தால் நானே வந்து ஒட்டிக் கொடுப்பேன். கணக்கு மறுபடி ஓடத் தொடங்கி, போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிவிட்டது என்று அவள் அம்மா சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். கேட்டால் அவள் செய்தது தப்பு என்றாகிவிடும், நீ சொன்னதும் பொய்யாகிவிடும்.

இனி, போன வாரம் நீ இரண்டாவது முறையாகப் போன் செய்து சொன்னது. அதற்குத்தான் இத்தனை நாள் பதில் யோசித்தேன். ‘நீங்க இன்னும் கோவமாத்தான் இருக்கீங்கன்னு அவ நெனைக்கிறா. வீட்டுக்கு வர்றேன்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டாருன்னு சொல்றா. வருஷ லீவுக்கு எல்லாரும் டிக்கெட் பாக்கறோம், அவ மட்டும் இங்கயே இருந்துக்கறேங்கறா’ என்றாய். நான் அன்றைக்கும் சரியாகப் பேசவில்லை. கடையில் ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் ஆள் இல்லை.

இப்போதெல்லாம் அவள் அம்மாவிடம் மணிக்கணக்கில் பேசுகிறாள். சிரிப்பு கூடத்துவரை கேட்கிறது. என் கையில் போன் வந்ததும், ‘சாப்பிட்டீங்களாப்பா, சரிப்பா, வைக்கட்டுமா’ என்கிறாள். நானும் ‘உம்’ என்கிறேன். அவளும் என் பிள்ளைதானே, எங்கே போகும் அந்தக் குணம்?

அங்கேயே நில் என்று நான் சொன்னது வீட்டுக்கு வராதே என்பதற்காக அல்ல. இது ஒரு படித்த பெண்ணுக்கு விளங்க வேண்டாமா? தோற்று வராதே என்றேன். லீவுக்கு வருவது தோல்வியா? சொந்த வீட்டுக்கு வர யாராவது பத்திரிகை அடித்துக் கூப்பிட வேண்டுமா? நான் கூப்பிடமாட்டேன். கூப்பிட்டு வந்தால் அது விருந்தாளி. நீயேதான் அன்றைக்கு அவள் விருந்தாளி இல்லை என்று அத்தனை பேருக்கும் சொன்னாய்.

அவள் அறையில் நான் கைவைக்கவில்லை. கடைச் சாமான்களை அங்கே போடலாமே என்று மச்சான் சொன்னார். போடவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மகளே, நீ எனக்கு இன்னொரு உதவியும் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் உனக்கு எழுதியது. இதை அவளிடம் கொடுக்காதே, படித்துக் காட்டாதே, அப்பா இப்படி எழுதியிருக்கிறார் என்று ஒரு வார்த்தையும் சொல்லாதே. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் நீ பாதி படித்துக்கொண்டிருக்கும்போது உனக்குக் கல்லூரியில் அவசர வேலை வரலாம். கடிதத்தைச் சமையலறை மேசைமேல் விரித்தபடி விட்டுவிட்டு நீ ஓட வேண்டியிருக்கலாம். என் கையெழுத்து அவளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அப்படி ஏதாவது நடந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, உன்னையும் கேட்கமாட்டேன். பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு தம்ளரை வைத்துவிட்டுப் போ.

உன்னைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும். உன் கணக்கு நல்லபடி முடியட்டும். யார் வீட்டுப் பெண்ணுக்கோ நீ வாசல் பெஞ்சில் காத்திருந்ததுபோல, உனக்கும் வாழ்நாள் முழுக்க ஒருவர் காத்திருக்கட்டும். டிக்கெட் கிடைக்கிற நாளை அவள் அம்மாவிடம் சொன்னால் போதும். விமான நிலையத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா